கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போக முடியாவிட்டால்

சகோதரி, அம்மா கல்லறை தூத்துக்குடியில், நீங்களோ லண்டனில்; நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்றக்கூட ஆளில்லையே என்று எழுதியிருந்தீர்கள். கலங்காதீர்கள். அவர் கல்லறைக்கேதான் போகவேண்டும் என்றில்லை. நவம்பர் 1 முதல் 8 வரை எந்தக் கல்லறைத் தோட்டத்திற்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்தாலும், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம் ஆகியவற்றோடு பரிபூரண பலனை, அதாவது பாவத்திற்கான தண்டனையை முழுதும் நீக்குவதாகத் திருச்சபை சொல்லும் அருளை, அம்மாவுக்காக ஒப்புக்கொடுக்கலாம்.

லண்டனில் பல கத்தோலிக்கப் பங்குகளில் அக்டோபர் கடைசியிலேயே கோவில் வாசலருகே சிறு உறைகள் வைத்திருப்பார்கள். பெயர்களை எழுதிப் போட்டால் நவம்பர் முழுக்கத் திருப்பலியில் அவர்களுக்காக வேண்டுவார்கள். தாத்தா பாட்டி பெயரையும் எழுதுங்கள். அவர்களை நினைக்க இப்போது யார் இருக்கிறார்கள்?

மாலை நாலரைக்கே அங்கே இருட்டிவிடும். கல்லறைத் தோட்டத்தைப் பூட்டுமுன், மதியமே போய்விடுங்கள்.