பழைய ஆட்டோமேட்டிக் காருக்குத் தனிக் கூலர்: மலை ஏறுபவர்களின் கேள்விகள்

தேனிப் பக்கம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறேன். குமுளி, போடிமெட்டு, வால்பாறை என்று ஏறி இறங்குகிற பழைய கார்க்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒரே விஷயம்தான், கியர் ஆயிலுக்கு வெளியே தனியாக ஒரு கூலர் மாட்டலாமா என்று. வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

போடியிலிருந்து: அண்ணே, 2006 கரோலா ஆட்டோமேட்டிக். போடிமெட்டு ஏறினால் பாதியிலேயே கியர் தயங்கித் தயங்கி விழுகிறது, ஆற விட்டால் சரியாகிவிடுகிறது. கூலர் மாட்டினால் போதுமா?

தம்பி, கூலரை அப்புறம் பார்க்கலாம், முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலைப் பாருங்கள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் கூலர் மாட்டலாம். பழுப்பு நிறத்தில் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் ஏற்கெனவே தேய ஆரம்பித்துவிட்டது, அதைக் கூலர் திருப்பிக் கொண்டுவராது. நல்லா இருக்கிற பெட்டியைக் காப்பாற்றத்தான் கூலர், கெட்டுப்போனதற்கு அது மருந்து இல்லை. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், சிலிப் அடிக்க ஆரம்பித்த பிறகு கூலர் தேடி வருகிறார்கள்.

மலையில் ஏன் சூடாகிறது என்றால், கொண்டை ஊசி வளைவில் மெதுவாக ஏறும்போது டார்க் கன்வெர்ட்டர், அதாவது எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம், லாக் ஆவதில்லை. எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்றும், கியர்பாக்ஸ் அதைவிடக் குறைந்த வேகத்தில் சுற்றும், இடையில் ஆயில்தான் அடிபட்டுக் கொதிக்கும். போடிமெட்டுக்கு 17 வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, யோசித்துக்கொள்ளுங்கள். ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் ஓடினால் நிம்மதி. 120ஐத் தாண்டினால் ஆயிலின் ஆயுசு மளமளவென்று குறையும், அதற்கு மேலே போகப் போக ரப்பர் சீல்களும் இறுகிப்போகும்.

கூடலூர், லோயர் கேம்ப்: ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு கூலர் இருக்கிறதாமே, அதைக் கழற்றிவிட்டு வெளியே மாட்டுவதா, இல்லை இரண்டும் இருக்க வேண்டுமா?

இரண்டும் இருக்கட்டும். ஆயில் கியர்பாக்ஸிலிருந்து கிளம்பி முதலில் ரேடியேட்டர் டேங்குக்குள் போகணும், அங்கிருந்து வெளிக் கூலர், அதன்பிறகு மறுபடி கியர்பாக்ஸ். இந்த வரிசையை மாற்றி மாட்டினால் குளிர்ந்து வந்த ஆயிலை ரேடியேட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும், செலவு செய்த காசு வீண். எது போகிற லைன், எது வருகிற லைன் என்று தெரியாவிட்டால் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள், முதலில் சூடாவதுதான் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற லைன். ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது சொல்லிக்கொண்டு சுற்றாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆயில் இளஞ்சிவப்பாகப் பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கிற கூலர் ஓட்டையாகிக் கூலண்ட் உள்ளே கலந்திருக்கிறது. அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. ரேடியேட்டர் மாற்றி, ஆயிலை முழுக்கக் கழுவி எடுத்தால்தான் கிளட்ச் பிளேட் பிழைக்கும்.

மூணாறு: அண்ணா, எங்களுக்கு மார்கழியில் காலைக் குளிர் கடுமை. ஆயில் ரொம்பக் குளிர்ந்து போகாதா?

அதற்காகவும்தான் ரேடியேட்டர் கூலரை விடாதீர்கள் என்கிறேன், எஞ்சின் சூடான பிறகு கூலண்ட் ஆயிலுக்கும் சூடு கொடுக்கும். அடுக்குத் தகடு மாதிரிக் கூலரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது குறுக்கு வழியாக ஓடிவிடும் வகை உண்டு, உங்கள் ஊருக்கு அது பொருத்தம்.

பொள்ளாச்சி: எங்க மெக்கானிக் கூலரை ரேடியேட்டரோடு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார்.

வேண்டாம். ரேடியேட்டர் துடுப்புக்குள் குத்தி இழுக்கிற அந்த டேக், அதிர்வில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ தேய்த்துத் தேய்த்துக் குழாயையே ஓட்டையாக்கும். பம்பர் பின்னால் இருக்கிற தகட்டில் பிராக்கெட் அடித்து, ரப்பர் புஷ் போட்டு, ஏசி கண்டென்சருக்கு முன்னால் சிறு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஹோஸ் வாய் மேலே பார்த்தோ பக்கவாட்டிலோ இருக்கணும், கீழே பார்த்து இருந்தால் உள்ளே காற்று தங்கும்.

ஹோஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கென்றே வருகிற ஹோஸ்தான் வேண்டும், பெட்ரோல் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் அந்தச் சூட்டில் உப்பிக் கழன்றுவிடும். மலைப்பாதையில் ஹோஸ் கழன்றால் நிமிஷத்தில் ஆயில் ரோட்டில், கியர்பாக்ஸ் காலி. இரும்புக் குழாயை அறுத்து மாட்டினால் அந்த முனையில் மேடு அடித்துவிட்டுக் கிளிப் போடுங்கள், வழுவழு முனையில் கிளிப் நிற்காது.

செங்கோட்டை: அண்ணாச்சி, மாட்டிய பிறகு ஆயில் எவ்வளவு ஊத்த வேண்டும்? என்னிடம் பழைய ஹோண்டா சிட்டி, 4 கியர் ஆட்டோமேட்டிக்.

கூலரும் ஹோஸும் குடிப்பதற்குச் சுமாராக அரை லிட்டர் பிடிக்கும், ஆனால் கணக்குப் பார்த்து ஊத்தாதீர்கள், டிப்ஸ்டிக் பார்த்து ஊத்துங்கள். இங்கேதான் சறுக்குவார்கள்: டொயோட்டாவில் சூடான எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே பார்க்கணும், உங்கள் ஹோண்டாவில் வண்டியைச் சூடாக்கி எஞ்சினை அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்க்கணும். மாற்றிப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். ஆயிலும் கம்பெனி சொன்னதுதான்: உங்கள் ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1 (DW-1), 2006 கரோலாவுக்கு டி-4 (T-IV), பழைய ஹூண்டாய்க்கு எஸ்பி-3 (SP-III). கடைக்காரர் எல்லாத்துக்கும் ஒன்றுதான் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கம்பம்: செலேரியோ ஆட்டோ கியர் வைத்திருக்கிறேன், கூலர் மாட்டலாமா?

தேவையே இல்லை. அது சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்சை மோட்டார் மிதிக்கிறது. அதில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது.

குமுளி, ஒரு அக்கா: தம்பி, கூலர் வாங்க இப்போது முடியாது. ஐயப்ப சீசனில் மலையில் நின்று நின்று போகிறோம், என்ன செய்வது?

கூலர் இல்லாமலேயே சூட்டைக் குறைக்கலாம் அக்கா. ஓவர்டிரைவ் (O/D) பட்டனை ஆஃப் செய்து, ஏற்றத்தில் லீவரை 2இல் வையுங்கள், வண்டி மூன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தாவாது. நெரிசலில் நீண்ட நேரம் நின்றால் லீவரை டி-யில் (D) வைத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். டி-யில் நிற்கும்போது கன்வெர்ட்டருக்குள் ஆயில் சும்மா அடிபட்டுச் சூடாகும், நியூட்ரலில் அந்த வேலை இல்லை, பம்ப் மட்டும் ஆயிலைச் சுற்றவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காக ஓடுகிறதா என்று புறப்படும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள், நிற்கிற வண்டிக்கு அந்த ஃபேன்தான் காற்று. இறங்கும்போதும் 2இல்தான், நியூட்ரலில் உருட்டிவிடாதீர்கள்.

வழியில் நின்றுவிட்டால், முன்சக்கரம் இழுக்கிற வண்டியை அந்தச் சக்கரம் உருளக் கட்டி இழுக்கவிடாதீர்கள். எஞ்சின் ஓடாமல் பம்ப் ஓடாது, உள்ளே எண்ணெய் போகாமலே பல் சக்கரம் சுற்றும். முன்பக்கத்தைத் தூக்குகிற வண்டியோ மேலே ஏற்றிப் போகிற வண்டியோ வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.