வாசகர் கேள்வி – பதில்: முகாமும் குடியுரிமையும்

பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் எங்களுக்குப் பழக்கமான அண்ணன், தம்பி. அண்ணன் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். தம்பி 1992-ல் இங்கேயே. அண்ணனுக்கு மட்டும் பாஸ்போர்ட் கிடைக்குமாமே, நிஜமா?
– வாசகர், ஊத்தங்கரை

நிஜம்தான். 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியர். 1.7.1987 முதல் பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். தம்பி அடிபடுவது அங்கேதான்.

அண்ணன் குடியுரிமை கேட்டு மனுப் போட வேண்டாம். ஏற்கெனவே இருப்பதை ஏன் கேட்க வேண்டும்? பிறப்புச் சான்றிதழோடு நேரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறதே என்று நிறுத்தினால், 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் போட்ட உத்தரவின் நகலை இணைக்கலாம்.

அண்ணனுடைய பிள்ளைகள் கதை வேறு. 3.12.2004 முதல் பிறந்த குழந்தைக்கு ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக்கூடாது. ஆவணமில்லாமல் படகேறி வந்த மனைவி அந்த வரையறைக்குள் சிக்குகிறார். 9.1.2015 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது. நல்லதுதான், ஆனால் அது குடியுரிமை இல்லை.

நாகாவதி அணை முகாமில் ஒரு குழந்தைக்கு மூன்று வயதாகிறது. வீட்டுப் பிரசவம், பிறப்பைப் பதியவே இல்லை. பெற்றோர் இருவரும் இலங்கையர். என்ன செய்வது?
– வாசகி, பென்னாகரம்

21 நாளுக்குள் பதிந்திருந்தால் செலவே இல்லை. ஓராண்டு தாண்டியதால் தருமபுரி கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். தடுப்பூசி அட்டையும் கிராம சுகாதார செவிலியரின் பதிவும் கைகொடுக்கும்.

அடுத்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் குடியுரிமைப் பதிவு. குழந்தையின் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ் வேண்டும். இழுத்தடிப்பது பெயர்தான்: அங்கே 'செல்வராசா', இங்கே 'செல்வராஜ்', அங்கே அப்பா பெயர் முழுசாக, இங்கே ஓர் எழுத்து இனிஷியல். ஆகவே இங்கே பதியும்போதே இலங்கைச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

'இலங்கையில் பதிந்தால் இங்கே வாய்ப்புப் போய்விடும்' என்று தயங்குகிறார்கள். பிறப்பால் இந்தியக் குடியுரிமை இந்தக் குழந்தைக்கு எப்படியும் இல்லை. அங்கேயும் பதியாவிட்டால் எந்த நாட்டுக் காகிதமும் கையில் இருக்காது.