கைதிலிருந்து முதல் கோர்ட் நாள் வரை: கேள்வி பதில்

பதில் தருபவர்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா: வெள்ளி மாலை 6 மணிக்கு மகனைப் பிடித்துப் போனார்கள். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், ஞாயிறு மாலையே கொண்டுவர வேண்டாமா?

வேண்டியதில்லை அம்மா. கெடு கோர்ட் இல்லாத நாளில் முடிந்தால், அடுத்த கோர்ட் நாள் முடிவதற்குள் கொண்டுவந்தால் போதும். 1977-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம், 50-ஆம் பிரிவு. கோர்ட் நேரம் காலை 9 முதல் மாலை 4. ஆகவே திங்கள் மாலை 4 மணி வரை அவர்களுக்கு நேரம் உண்டு.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். என்ன குற்றச்சாட்டு என்று முதலில் கேளுங்கள். எந்த வழி திறக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. சிறு குற்றமென்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் தரலாம். 20,000 ராண்டுக்கு மிகாத திருட்டு போன்ற, அதே சட்டத்தின் 7-ஆம் அட்டவணைக் குற்றமென்றால், பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வக்கீல்) விசாரணை அதிகாரியைக் கலந்துகொண்டு ஜாமீன் தரலாம்.

வெருலம் வாசகர்: ஜாமீனுக்கு அஃபிடவிட் (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்) போதுமா, கூண்டில் ஏற வேண்டுமா?

அஃபிடவிட் போதும். காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அது லாபம். ஆனால் நேரில் சொன்ன சாட்சியத்துக்குள்ள கனம் அதற்குக் கிடைக்காது. கடுமையான குற்றங்களைப் பட்டியலிடும் 5-ஆம் அட்டவணையில் வரும் குற்றத்தில் ஜாமீனில் விடுவிப்பது நீதிக்கு ஏற்றது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. திட்டமிட்ட கொலை போன்ற 6-ஆம் அட்டவணைக் குற்றத்தில் அசாதாரணமான காரணமே காட்ட வேண்டும்.

பலர் விழும் குழி வேறு. ஜாமீன் விசாரணையில் சொன்னது பிறகு நடக்கும் வழக்கு விசாரணையின் பதிவிலும் சேரும். அங்கே பதற்றத்தில் ஒன்று சொல்லி, எட்டு மாதம் கழித்து வேறொன்று சொன்னால், பிராசிக்யூட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார். சம்பவத்தைப் பற்றித் தேவைக்கு மேல் ஒரு வரியும் எழுத வேண்டாம். பழைய தண்டனை, நிலுவையிலுள்ள வழக்கு இரண்டையும் மறைக்காதீர்கள். தெரிந்தே மறைப்பது தனிக் குற்றம்.

முகவரிச் சான்று, வேலைக் கடிதம், பாஸ்போர்ட் தயாராக இருக்கட்டும். புகார் கொடுத்தவர் அதே வீட்டில் இருந்தால் மாற்று முகவரி அவசியம். விசாரணை அதிகாரி அதைச் சரிபார்க்க வேண்டும் என்பதால் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். திங்கள் காலையில் கொடுத்தால் அதையே சொல்லி அரசுத் தரப்பு வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்கும். ஒரு தவணை 7 நாள் வரை போகலாம்.

ஃபீனிக்ஸ் வாசகர்: ஸ்டேஷனில் வாக்குமூலம் கேட்டால்?

பெயர், முகவரி, கைரேகை கொடுத்தாக வேண்டும். மற்றதற்கு, "வக்கீலைப் பார்த்த பிறகு சொல்கிறேன்" என்பதையே எழுதச் சொல்லுங்கள். படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

டோங்காட்டிலிருந்து ஒருவர்: தமிழ்நாட்டிலிருந்து கோயில் வேலைக்கு வந்த தம்பிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

புரியும் மொழியில் விசாரணை, இல்லையென்றால் மொழிபெயர்ப்பு. அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு தரும் உரிமை இது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் எல்லாக் கோர்ட்டிலும் தயாராக இருக்கமாட்டார். முதல் தேதிக்கு முன்பே பிராசிக்யூட்டரிடம் சொல்லுங்கள். சொந்தக்காரர் பக்கத்தில் நின்று விளக்குவது அதற்கு ஈடாகாது. தலையாட்டிவிட்டு வந்தால் பிறகு திருத்துவது கடினம்.

மெர்பேங்க் வாசகர்: குற்றம் செய்ததாக உங்களிடமே ஒப்புக்கொண்டவருக்கு எப்படி வாதாடுகிறீர்கள்?

அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்கிறதா என்று சோதிக்கலாம். சாட்சியின் தடுமாற்றத்தைக் காட்டலாம். ஒப்புக்கொண்டவர் பொய் சொல்வார் என்று தெரிந்தே அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. வேறொருவர்தான் செய்தார் என்றும் சொல்ல முடியாது. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்வது வக்கீலின் கடமை. அவர் சொன்ன ரகசியம் அவருக்கே சொந்தம். அவர் அனுமதியின்றி வெளியே எழுதவோ பேசவோ கூடாது.

அதே வாசகர்: ஜாமீன் பணம் திரும்புமா?

நிபந்தனை மீறாமல் எல்லாத் தேதிக்கும் வந்திருந்தால், தண்டனை கிடைத்தாலும் திரும்பும். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கொடுப்பார்கள். பணம் கட்டியவர் தன் பெயரிலேயே ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.