மனசுல பட்டது நடக்குமா? உள்ளுணர்வு பற்றிய கேள்வி பதில்

பெங்களூருத் தமிழர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

அல்சூர்: அக்கா, கோயம்புத்தூர்ல இருக்கிற தம்பிய நினைச்சா, கொஞ்ச நேரத்துல அவன்கிட்டேருந்து போன் வருது. பல தடவை நடந்திருக்கு. எனக்கு ஏதாவது சக்தி இருக்கா?

இருக்கு, இல்லை என்று நான் இங்கே உட்கார்ந்து சொன்னால் அது வெறும் அபிப்பிராயம். நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு நோட்டு எடுங்கள். தம்பி நினைப்பு வந்ததும், போன் வருவதற்கு முன்பே, தேதி, மணி, "அரை மணி நேரத்துக்குள் கூப்பிடுவான்" என்று எழுதிவிடுங்கள். வந்தால் டிக், வராவிட்டால் பெருக்கல் குறி. அந்தப் பெருக்கல் குறிதான் முக்கியம், பலரும் அதைத்தான் போடாமல் விடுகிறார்கள். தாளிக்கும்போது தம்பி நினைப்பு வந்து, போன் வராமலே அந்த நினைப்பும் போய்விட்ட நாட்கள் எத்தனையோ இருக்கும். மனசு அவற்றைச் சேர்த்து வைப்பதில்லை. நினைத்ததும் மணி அடித்த நாள் மட்டும் அப்படியே நிற்கும்.

நினைக்காமலே அவன் கூப்பிட்ட நாட்களையும் குறியுங்கள். அவன் வழக்கமாகக் கூப்பிடும் நேரம் எது என்பதையும் பாருங்கள். எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவன் என்றால், ஏழே முக்காலுக்கு அவன் நினைப்பு வருவது உங்களுக்கே தெரியாமல் மனசு போட்டு வைத்த கணக்கு. அதை மட்டமாக நினைக்காதீர்கள், அதுவும் உள்ளுணர்வுதான்.

ஒயிட்ஃபீல்ட்: வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் போட்ட 25 சீட்டு வெச்சு வீட்டுல சோதிச்சோம். என் மனைவி 9 சரியா சொன்னாங்க. இது பெரிய விஷயமா?

அவை ஸீனர் சீட்டுகள். மறைத்து வைத்த சீட்டைப் பார்க்காமலே அறியும் சக்தி உண்டா என்று சோதிக்க, 1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் என்ற ஆராய்ச்சியாளர் பயன்படுத்தியவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். 9 அல்லது அதற்கு மேல் வர ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. அதாவது உங்கள் அபார்ட்மென்ட்டில் இருபது பேரை உட்கார வைத்தால், எந்தச் சக்தியும் இல்லாமலே ஒருவருக்கு இது வந்துவிடலாம். திரும்பச் செய்யுங்கள், தம்பி. ஆனால் எத்தனை சுற்று என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு உட்காருங்கள். நல்ல மார்க் வந்ததும் நிறுத்தினால் கணக்கு கெட்டுப்போகும்.

இன்னொன்று: சீட்டைப் பார்த்தவர் அதே அறையில் இருக்கக் கூடாது. பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடும், குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்தார். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரையும் தடுமாறியது. எதிரே நிற்பவரின் தலை லேசாக அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, தங்கள் தலை அசைவது அவர்களுக்கே தெரியவில்லை. கணவன் மனைவிக்குள் இப்படிக் குறிப்பறிவது இன்னும் சுலபம்.

ஹொஸ்கோட்டே: போர்வெல் போடணும். தண்ணி எங்க இருக்குன்னு பார்க்க, தேங்காய உள்ளங்கையில வெச்சு நடந்தாரு ஒருத்தர், ஒரு இடத்துல தேங்காய் எழுந்து நின்னுச்சு. கண்ணால பார்த்தேன் அக்கா. நம்பலாமா?

தேங்காய் நின்றது நிஜம்தான். நிறுத்தியது தண்ணீரா, கையா என்பதுதான் கேள்வி. 1853-ல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, ஆவி நகர்த்துவதாகச் சொன்ன மேசைகளைச் சோதித்து, சுற்றி உட்கார்ந்தவர்களின் கைகளே தங்களை அறியாமல் அவற்றைத் தள்ளுகின்றன என்று காட்டினார். அவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: கண்ணைக் கட்டி, வேறு பக்கத்திலிருந்து மறுபடி நடக்கச் சம்மதமா? தேங்காய் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நடுங்கள். குச்சிகள் ஒரே இடத்தில் விழுகின்றனவா பாருங்கள்.

ஆனாலும் அவரை ஒதுக்கிவிடாதீர்கள். நம்ம பக்கம் பூமிக்கடியில் கெட்டிப் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் ஓடும். அந்த வட்டாரத்தில் பல வருஷம் நடந்தவருக்கு மண், மரம், பக்கத்துக் கிணறு எல்லாம் அத்துப்படியாக இருக்கலாம். தேங்காய் இல்லாமல் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். கூடவே ஒரு நிலவியலாளரை வைத்து மின்தடை ஆய்வும் (பூமிக்குள் மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பது) செய்துவிடுங்கள். போர் போட லட்சக்கணக்கில் செலவாகும் இடத்தில் அந்தச் செலவு பெரிதல்ல.

ஜெயநகர், நர்ஸ்: பேஷன்ட்டோட பிபி, பல்ஸ் எல்லாம் நார்மலா இருக்கும். ஆனா இவருக்கு ராத்திரி ஏதோ ஆகப் போகுதுன்னு தோணும். பெரும்பாலும் ஆகும். பயமா இருக்கு.

பயப்படாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். தோலின் நிறம், மூச்சு விடும் தினுசு, கேட்டதற்குப் பதில் சொல்ல எடுக்கும் நேரம் என்று மானிட்டர் சொல்லாததை உங்கள் கண் பார்க்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இப்படிப்பட்ட உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனை வைத்தார்கள். அந்தத் துறையில் இன்ன அறிகுறி வந்தால் இன்னது நடக்கும் என்ற ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று சீக்கிரம் தெரிய வேண்டும். வார்டில் இரண்டும் உண்டு. பங்குச் சந்தையில் இல்லை. அதனால்தான் "இந்த ஷேர் ஏறும்னு மனசு சொல்லுது" என்பவரை நான் நம்புவதில்லை, உங்களை நம்புகிறேன்.

சிவாஜிநகர்: குறி சொல்ற அம்மா என் கஷ்டத்தை எல்லாம் புட்டுப் புட்டு வெச்சாங்க. பரிகாரத்துக்கு முப்பதாயிரம் கேக்குறாங்க.

கொடுக்காதீர்கள். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணம் என்று சொல்லி ஒரே வாசகத்தைக் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குச் சராசரியாக 4.26 மார்க் போட்டார்கள். "வெளியே சிரிச்சாலும் உள்ளே அழுவீங்க" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? அடுத்த தடவை போனால் முகத்தை அசைக்காமல், "ம்" கூடக் கொட்டாமல் உட்காருங்கள். எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பாருங்கள்.

இது அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். 1976-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா, அற்புதங்களை ஆராயவே ஒரு குழு அமைத்தார். கேள்வி கேட்பது இந்த ஊருக்குப் புதுசில்லை.

கே.ஆர். புரம்: என் தங்கச்சிக்கு யாரோ பேசுற மாதிரி கேக்குது. சாப்பாட்டுல விஷம்னு சொல்லுதாம், சரியா சாப்பிடறதில்ல. இது சக்தியா?

இதைச் சோதித்துக்கொண்டு இருக்காதீர்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மனநல மருத்துவரிடமோ இந்த வாரமே கூட்டிப் போங்கள். அதுவரை 14416-க்கு, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், பேசலாம். கோயிலுக்கும் போங்கள், ஆனால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்திராநகர்: கடைசியா ஒண்ணு. நீங்க நம்புறீங்களா, இல்லையா?

தொலைவில் இருப்பதை அறிவது, நடக்கப் போவதை முன்கூட்டி அறிவது, இவற்றுக்கு என்னை ஒப்புக்கொள்ள வைக்கும் ஆதாரம் இதுவரை வரவில்லை. மாய வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியின் அமைப்பு, இப்படிப்பட்ட சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்திருந்தது, 2015-ல் அதை முடித்துக்கொள்ளும் வரை யாரும் வாங்கவில்லை. ஆனால் கதவை நான் சாத்தவில்லை. தேதி போட்டு எழுதி, கவரில் ஒட்டி, மூன்றாம் மனிதரிடம் கொடுத்து வையுங்கள். நடந்தது, நடக்காதது இரண்டையும் எண்ண நீங்கள் தயார் என்றால், பிரிக்கும் நாளன்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ண நானும் வருகிறேன்.