உழவர் உதவித்தொகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பி.எம். கிசான் (மத்திய அரசின் உழவர் உதவித்தொகை) பணம் இரண்டு தவணைகளாக வரவில்லை. ஏன்? (கோட்டையூர்)

எப்போது பதிவு செய்தீர்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு விவரமும் எழுதாமல் கேட்டால் எவராலும் திட்டமாகப் பதில் சொல்ல இயலாது. பெரும்பாலும் இ-கேஒய்சி என்னும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முடியாமல் இருக்கும், நில விவரம் சேர்க்கப்படாமல் இருக்கும், அல்லது வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாமல் இருக்கும். கணினிச் சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் செல்லுங்கள். எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

எனக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பட்டா உண்டு. இருவரும் வாங்கலாமா? (பள்ளத்தூர்)

வாங்கக் கூடாது. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் சேர்ந்தது ஒரே குடும்பம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான்.

மூன்று ஏக்கரை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் முறையில், உழுகிறேன். கண்மாய் வற்றிச் சம்பா கருகிவிட்டது. நில உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். கையெழுத்திட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சுகிறார். எனக்கு எந்த உதவியும் கிடையாதா? (கல்லல்)

இந்தக் கடிதத்தைப் போலப் பல கடிதங்கள் எனக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் மனம் வேதனைப்படுகிறது. நம் பகுதியில் பட்டா ஒருவரிடமும் ஏர் இன்னொருவரிடமும் இருப்பது தலைமுறைகளாகத் தொடர்கிறது. உரிமையாளர்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்தும் பட்டணங்களுக்கும் சென்றுவிட, நாற்று நட்டவரும் மடை திறக்கக் காத்திருந்தவரும் வாரதாரரே. ஆயினும் பி.எம். கிசான் நிலவுடைமையை மட்டுமே பார்க்கிறது. குத்தகைதாரருக்கும் வாரதாரருக்கும் அதில் இடமில்லை. 2019 முதல் நடக்கும் ஒரு திட்டத்தில் உழுபவர் பெயருக்கு ஒரு வரி கூட ஒதுக்கப்படாதது பெரும் குறை என்பதே என் உறுதியான கருத்து.

பயிர்க் காப்பீட்டின் நிலை வேறு. அதில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடுதான் உங்கள் பங்கு. அதற்கு, கிராமத்தின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பயிரிடுபவராக உங்கள் பெயர் இருக்க வேண்டும். உரிமையாளர் கையெழுத்திட அஞ்சுகிறார் என்கிறீர்கள். குத்தகை உரிமைப் பதிவுக்கென 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருந்தும் வாய்ப்பேச்சிலேயே வாரம் நடப்பதற்கு இந்த அச்சமே காரணம். விதைக்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். கருகிய பின்பு பயனில்லை. உங்கள் வயல் மட்டும் பாதித்திருந்தால் வறட்சிக்கு இழப்பீடு வராது. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்குமான அறுவடைப் பரிசோதனையில் மகசூல் குறைந்திருக்க வேண்டும். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற தனிவயல் சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

வறட்சி நிவாரணம் அறிவிக்கப்பட்டால், 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதமடைந்த பயிர் கணக்கெடுக்கப்படும். அப்போதும் அடங்கலே பேசும். நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பாட்டனார் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா நிலத்துக்குச் சொட்டுநீர் மானியம் கிடைக்குமா? (தேவகோட்டை)

இறந்தவர் பெயரில் கிடைக்காது. வாரிசுச் சான்றிதழ், பங்காளிகளின் சம்மதம், பட்டா மாற்றம் என்று வரிசையாக முடித்துவிட்டு வாருங்கள். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெறுங்கள். அச்சான்றுக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தமிழ்நாட்டில் வழங்கப்படுகின்றன. ஒப்புதல் வருமுன் சொந்தப் பணத்தில் குழாய் பதித்துவிட்டுப் பிறகு மானியம் கேட்காதீர்கள்.

ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் நான். மாதம் 30,000 ரூபாய் ஓய்வூதியம். பி.எம். கிசானுக்கு விண்ணப்பிக்கலாமா? (காரைக்குடி)

கூடாது. மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோரில் கடைநிலை ஊழியர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பிக் கட்டிவிட்டு ரசீது பெறுங்கள்.

தவணையை விடுவிக்க வேண்டுமென்று தொலைபேசியில் ஓடிபி கேட்கிறார்கள். சொல்லலாமா? (கானாடுகாத்தான்)

சொல்லவே கூடாது.