ஓட்டைகளைக் கண்டாலே உடம்பு கூசுகிறதே!

கேள்வி: தாமரைக் காய், தேனடை, ஏன், ஆப்பத்தின் ஓட்டைகளைப் பார்த்தால்கூட உடம்பெல்லாம் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது, குமட்டுகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். தம்பி வேண்டுமென்றே வாட்ஸ்அப்பில் அப்படிப்பட்ட படங்களை அனுப்புகிறான். இதற்கு 'ட்ரைபோஃபோபியா' என்று பெயராம். எனக்கு மனநோயா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கோல், வில்கின்ஸ் என்ற இருவர் 286 பேரிடம் தாமரைக் காய் படத்தைக் காட்டினார்கள். பெண்களில் 18, ஆண்களில் 11 விழுக்காட்டினருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த ஆய்வு 2013இல் வெளியானது. நஞ்சுள்ள நீலவளைய ஆக்டோபஸ் போன்ற உயிரினங்களின் உடலிலும் இதே வகைப் புள்ளிக்கோலம் இருப்பதால் மூளை எச்சரிக்கிறது என்பது அவர்கள் கருத்து. அம்மைக் கொப்புளம், சிரங்கு, உண்ணிக் கடி ஆகியவற்றை நினைவூட்டுவதால்தான் இந்தக் கூச்சம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். 'ஊர்வதுபோல்' என்று நீங்களே எழுதியிருப்பதால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

பாம்புப் படத்தைப் பார்த்தால் கண்ணின் பாவை விரியும்; துளைப் படத்துக்குச் சுருங்குகிறது என்று 2018இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். விரிவது பயத்தின் அறிகுறி, சுருங்குவது அருவருப்பின் அறிகுறி என்பது அவர்கள் விளக்கம். ஆக, உங்களுக்கு வருவது பயத்தைவிட அருவருப்பு.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், 'குறிப்பிட்ட பொருள் மீதான ஃபோபியா' (அளவுமீறிய அச்சம்) என்ற வகையில் மருத்துவர் இதைச் சேர்க்கலாம். ஆப்பத்தை ஒதுக்கிவிட்டு இட்லி சாப்பிட்டால் அது ஃபோபியா இல்லை. சமையற்கட்டுக்குள்ளேயே போகப் பயம், எந்தப் படம் வருமோ என்று போனைத் தொடவே தயக்கம், தூக்கம் போகிறது என்றால் மனநல மருத்துவரையோ மனநல உளவியலாளரையோ பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணமில்லை. சிகிச்சையில் லேசான படத்தில் தொடங்கி, நீங்கள் தாங்கும் அளவுக்குப் படிப்படியாகப் பழக்குவார்கள்.

அதுவரை 'சோதித்துப் பார்க்கிறேன்' என்று இணையத்தில் அந்தப் படங்களைத் தேடாதீர்கள். பலரும் செய்யும் தவறு அப்படித் தேடுவதுதான். தம்பி செய்வதும் அந்தப் பழக்குதல் ஆகாது. படிப்படியும் இல்லை, உங்கள் சம்மதமும் இல்லை. சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் பிளாக் செய்யுங்கள். தம்பிதானே, கோபம் நாலு நாளில் போய்விடும்.