பைத்தானில் செய்தியோடைகளை (ஃபீடுகளை) படிக்கவும் புதிதாக உருவாக்கவும் எந்த லைப்ரரி நல்லது?

இரண்டு வேலைக்கும் ஒரே லைப்ரரியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். படிக்க ஃபீட்பார்ஸர், எழுத ஃபீட்ஜென். பத்துப் பதினைந்து தமிழ் வலைப்பூக்களின் ஃபீடுகளை ஒன்றாகத் தொகுத்து, எனக்கென்று ஒரு ஃபீட் வைத்திருக்கிறேன். அது இந்த இரண்டை நம்பித்தான் ஓடுகிறது.

ஃபீட்பார்ஸர், மார்க் பில்கிரிம் தொடங்கிய பழைய லைப்ரரி. ஆர்எஸ்எஸ், ஆட்டம் (Atom) என்ற ஃபீட் வகைகளில் எதைக் கொடுத்தாலும் ஒரே வடிவத்தில் பதிவுகளைத் தந்துவிடும். எக்ஸ்எம்எல் உடைந்திருந்தால்கூட முடிந்தவரை படித்துவிட்டு, ஃபீடில் ஏதோ பிழை என்று சொல்லும் 'போஸோ' (bozo) என்ற குறியை 1 ஆக்கி வைக்கும். நான் என்ன செய்தேன்? போஸோ 1 என்றால் குப்பை என்று நினைத்து மொத்தமாகக் கழித்துக் கட்டினேன். நன்றாக எழுதும் ஒருவருடைய பதிவுகள் வாரக்கணக்கில் வரவே இல்லை. என்ன பிழை என்று அச்சிட்டுப் பார்த்தால், அவருடைய சர்வர், எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று ஹெடரில் (பதிலோடு அனுப்பும் தகவலில்) சொல்லாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை! பதிவுகள் வந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், போஸோவை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது நேரம். பதிவு வெளியான நேரத்துக்கு ஃபீட்பார்ஸரின் 'பப்ளிஷ்டு பார்ஸ்டு' (published_parsed) தருவது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதை டைம் மாட்யூலின் எம்கேடைமிடம் (mktime) கொடுத்தால், உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். காலை 9 மணிக்கு வந்த பதிவு எனக்கு 3.30 என்று காட்டியது. ஐந்தரை மணி நேரம் இடித்ததுமே புரிந்துவிட்டது. காலண்டர் மாட்யூலின் டைம்ஜிஎம்தான் (timegm) சரி.

ஃபீட்ஜென் இதில் கறார். நேர மண்டலம் இல்லாத தேதியைக் கொடுத்தால் வேல்யூ எரர்தான். இன்னொன்று, வேறு சொல்லாவிட்டால், சேர்க்கும் பதிவை அது மேலே வைக்கும். நான் புதியதிலிருந்து சேர்த்ததால் ஃபீட் தலைகீழாக வந்தது. பழையதிலிருந்து சேருங்கள், அல்லது பதிவைச் சேர்க்கும்போது 'ஆர்டர்' (order) என்பதற்கு 'அப்பெண்ட்' (append) கொடுங்கள். ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐடிக்கு, மூலப் பதிவின் ஐடியையே போடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால், படிப்பவருக்குப் பழைய பதிவெல்லாம் 'படிக்காதவை'யாக மீண்டும் வந்து நிற்கும்.

ஃபீட் மாறியதா என்று அறிய சர்வர் தரும் ஈடேக் (ETag), மாடிஃபைடு (modified) இரண்டையும் சேமித்து அடுத்த முறை ஃபீட்பார்ஸரிடம் திருப்பிக் கொடுத்தால், மாற்றமில்லாதபோது பல சர்வர்கள் 304, அதாவது 'மாற்றமில்லை' என்று சொல்லிவிடும். அப்போது பதிவுகளின் பட்டியல் காலியாகத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு, சேமித்து வைத்திருப்பதை அழித்துவிடாதீர்கள்.